தோற்ற பின் பத்து நிமிடம்: மைதானத்தில் மனத்திடம் வளர்க்கும் முறை

மைதானத்துக்கு அனுப்பினாலே பிள்ளைக்குத் தைரியம் வந்துவிடும் என்று நம்புகிறோம். வராது. தோற்ற பிறகு அவனிடம் என்ன பேசுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சேலம் பக்கம் பள்ளியிலோ ஊரிலோ கபடி, வாலிபால் அணி வைத்திருக்கும் பி.டி. மாஸ்டர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த வழிமுறை.

வாரம் மூன்று நாள், 75 நிமிடம் போதும். ஏப்ரல், மே மாதங்களில் காலை 6 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடியுங்கள். ஏற்காட்டுக் குளிரில் வார்ம்-அப்பை 10 நிமிடத்திலிருந்து 15 ஆக்குங்கள்.

நடுவில் 15 நிமிடம் வேண்டுமென்றே இக்கட்டான ஆட்டம் வையுங்கள். கபடியில் ஸ்கோர் 18-21, மீதி 3 நிமிடம், பின்தங்கிய அணியில் களத்தில் மூன்றே பேர். மூவர் மட்டும் இருந்து, பாடி வரும் எதிரணி ரெய்டரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், 2 புள்ளி. மீள வழி இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒரே அணியைத் தினமும் பின்தங்க விடாதீர்கள். ஜெயிக்கவே முடியாத ஆட்டம், "என்ன பண்ணாலும் ஒண்ணும் ஆகாது" என்பதைத்தான் சொல்லித்தரும்.

பதற்றம் ஏறும்போது மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, வாயால் 6 எண்ணும்வரை மெல்ல விடச் சொல்லுங்கள். ஐந்து முறை. தோள் தூக்காமல் வயிறு எழ வேண்டும்; வேகவேகமாக இழுத்தால் தலை சுற்றும். இதை அமைதியான நேரத்திலேயே பழக்கிவிட வேண்டும். ஆட்டத்தின் நடுவே புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் ஏறாது.

கடைசிப் பத்து நிமிடம்தான் உயிர்நாடி. முதலில் தண்ணீர் குடிக்க விடுங்கள். பிறகு வட்டமாக உட்காருங்கள், மாஸ்டரும் தரையில்தான். மூன்று கேள்விகள்: "எந்த இடத்துல ஆட்டம் கை நழுவுச்சு? அப்ப உடம்புல என்ன தெரிஞ்சுது? அடுத்த தடவை எதை மாத்துவ?" இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் "கடுப்பு" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். விடாதீர்கள். கை நடுங்கியதா, தொண்டை அடைத்ததா? அது பயமா, அவமானமா, ஏமாற்றமா? பெயர் வைக்கத் தெரிந்த உணர்ச்சியைச் சமாளிப்பது எளிது. கேப்டன் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். மாற்று ஆட்டக்காரரிடமிருந்து தொடங்குங்கள். பேச விரும்பாதவரை விட்டுவிடுங்கள்.

தோற்றதற்குத் தண்டனையாக ரவுண்டு ஓடவிடுவது, "ஆம்பளப் பையன் அழலாமா" என்பது, கோட்டுக்கு வெளியே நின்று அப்பா கத்துவது, இந்த மூன்றும் மாதக்கணக்கான உழைப்பை ஒரே நாளில் கெடுத்துவிடும். நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவைக் காட்டி "அவரைப் பார்" என்று குத்திக்காட்டவும் கூடாது. பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். இது இறக்கமா, நிலைத்து நின்றதா என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். நல்ல விவாதம் நடக்கும்.

பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் கழிப்பறையும் உடையும் காரணம். நாப்கின், உடை மாற்ற இடம், இருட்டுமுன் வீடு சேரும் நேரம் மூன்றையும் முதலில் உறுதி செய்யுங்கள்.

எந்தப் பிள்ளைக்காவது தூக்கம், சாப்பாடு, பேச்சு இரண்டு வாரமாக மாறியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமா" என்றால் தனியே விடாதீர்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டாரிடம் சொல்லி, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்று ஆட்டத்தை நிறுத்துவது வழக்கம். மனம் அதிகம் அழுந்தும் ஆண்டு அதுதான். 75 நிமிடத்தை 40 ஆக்குங்கள், அடியோடு வெட்டாதீர்கள். ரிசல்ட் வரும் நாள் மாலையில் அணி முழுவதையும் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே போய், துணைத் தேர்வு இருப்பதைப் பெற்றோர் எதிரிலேயே சொல்லுங்கள்.