நவீன நிலைப்பொருள் ஓவியமொன்றைப் பார்ப்பது எப்படி?

கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடே இன்று சபுமல் பவுண்டேசனின் காட்சியகமாக இருக்கிறது. 1943 இல் கொழும்பில் உருவான நவீன ஓவியர் அமைப்பான '43 குழுவினரின் எண்ணெய் வண்ண ஓவியங்களை அங்கு வீட்டுச் சுவரில் மாட்டிய படங்களைப் போல மிக அருகில் நின்று பார்க்கலாம். அத்தகைய இடங்களில் மேசையும் பழமும் குடுவையும் மட்டுமே கொண்ட நிலைப்பொருள் ஓவியங்களை விரைவாகக் கடந்துவிடாதீர்கள். கதையோ முகபாவமோ இல்லாத இடத்தில்தான் ஓவியர் எப்படிப் பார்த்தார் என்பது தெளிவாகத் தெரியும்.

படத்தின் பெயரை வாசிப்பதைச் சற்றுப் பிற்போட்டு, முதலில் மேசையின் விளிம்பை இடமிருந்து வலமாகக் கண்ணால் தொடருங்கள். துணியோ தட்டோ அதை மறைக்குமானால், மறுபுறம் அது எந்த உயரத்தில் வெளிப்படுகிறது என்று கவனியுங்கள். பிரெஞ்சு ஓவியர் செசான் 1893 அளவில் தீட்டிய, இன்று சிகாகோ கலை நிறுவகத்திலுள்ள அப்பிள் கூடை ஓவியத்தில், துணியின் இரு பக்கங்களிலும் மேசை விளிம்பு ஒரே கோட்டில் பொருந்துவதில்லை. போத்தலும் சாய்ந்தே நிற்கிறது. அசையாத ஒற்றைக் கண்ணுக்காக வகுக்கப்பட்ட மறுமலர்ச்சிக்கால முறையை விட்டு, இடம் மாறி மாறிப் பார்க்கும் மனிதப் பார்வையை அவர் ஒரே கித்தானில் சேர்த்து வைத்தார். அந்த வழியைப் பிக்காசோவும் பிராக்கும், ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து ஒரே படத்தில் காட்டும் கியூபிசமாக விரித்தனர். இலங்கையில் '43 குழு ஓவியர்களான ஜெப்ரி பீலிங் செசானின் ஓவியங்களிலிருந்தும் ஜோர்ஜ் கீற் கியூபிசத்திலிருந்தும் கற்றனர். ஆகவே குடுவையின் வாய் மேலிருந்து பார்த்ததுபோல் அகன்றும், அதன் அடி நேரே பார்த்ததுபோல் தட்டையாகவும் இருந்தால், அதைப் பிழையென்று ஒதுக்காமல், ஓவியரின் கண் எங்கெங்கு நின்றது என்று தேடுங்கள்.

அடுத்து நிழலின் நிறத்தைப் பாருங்கள். அது கறுப்பாக இல்லாமல் நீலமாகவோ ஊதாவாகவோ இருக்கக்கூடும்.

பின்னர் படத்தின் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்படி மேற்பரப்பைப் பாருங்கள்; கண்ணாடி போட்ட படமாயின் பிரதிபலிப்பும் இதனால் விலகும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் நீரைப்போல் ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மெல்ல இறுகுகிறது. அதனால் ஓவியருக்குத் திருத்தவும், கத்தியால் சுரண்டவும், ஈரத்தின்மேல் ஈரமாகப் பூசவும் நேரம் கிடைக்கிறது. பின்னணி வண்ணம் பழத்தின் விளிம்பின்மேல் ஏறியிருந்தால், பழத்தைத் தீட்டிய பின் பின்னணியைக் கொண்டே அதன் வடிவம் செதுக்கப்பட்டிருக்கிறது என்று அறியலாம். எனக்கு மிகவும் விருப்பமான இடம் இந்த விளிம்புதான். ஓவியர் மனம் மாறிய தருணத்தை அங்கே காண முடிகிறது. தொட்டுப் பார்க்க மட்டும் முயலாதீர்கள். விரலின் எண்ணெய்ப்பசையும் வியர்வையும் வண்ணத்தைக் கெடுக்கும்.

வீடு திரும்பியதும், வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய இரண்டு கறுத்தக்கொழும்பான் மாம்பழங்களையும் ஒரு மூக்குப்பேணியையும் மேசையில் வையுங்கள். கதிரையில் அமர்ந்து பேணியின் அடியையும் பழங்களையும் பென்சிலால் வரைந்து, பின் எழுந்து நின்று அதே தாளில் பேணியின் வாயையும் மேசையின் மறுவிளிம்பையும் வரையுங்கள். இரு பார்வைகளும் மோதும் இடத்தில் கோட்டை எப்படி இணைப்பது என்ற சிக்கல் உங்கள் கைக்கு வரும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓவியத்தின் முன் சென்று, அதே சிக்கலை ஓவியர் எப்படித் தீர்த்தார் என்று பாருங்கள்.