லைப்ரரி அப்டேட்: டீபக்கில் ஓடியதை நம்பி ரிலீஸ் செய்யாதீர்கள்

எங்கள் டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் சேலத்துத் தம்பி ஒருவர், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மஞ்சளடித்துக் காட்டிய லைப்ரரிகளின் (ஆப்பில் சேர்த்துக்கொள்ளும், பிறர் எழுதிய கோடு) பதிப்பு எண்களை எல்லாம் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு, "அண்ணா, ஓட்டிப் பார்த்துட்டேன், நல்லா ஓடுது, மெர்ஜ் பண்ணிடலாமா?" என்று போன வாரம் கேட்டார். 2023இல் நானும் அப்படியே கேட்டவன்தான். தனி பிராஞ்ச் போடுவது, கமிட் செய்துவிட்டு ஆரம்பிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

டீபக் பில்டை (நாம் சோதித்துப் பார்க்கக் கட்டும் ஆப்) மட்டும் ஓட்டிப் பார்ப்பது

அந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம். கோடை ஆப்பாகக் கட்டித் தரும் ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகினை 7இலிருந்து 8க்கு ஏற்றினேன். ஜேடிகே 17 கேட்டது, போட்டேன். நேம்ஸ்பேஸ் கேட்டது, எழுதினேன். எமுலேட்டரில் லாகின், ஆர்டர் பட்டியல், பேமென்ட் எல்லாம் ஒழுங்காக வந்தன. மத்தியானம் பிளே ஸ்டோரில் ஒரேயடியாக எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, ராத்திரி பெங்களூரு மடிவாளாவில் ஊருக்குப் பஸ் ஏறினேன். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் போன் அடித்தது: ஆப் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறதாம். ஓசூரில் இறங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தால், கிராஷ் ரிப்போர்ட்டில் நான் எழுதிய கிளாஸ் பெயர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஏ, பி, சி என்று ஒற்றை எழுத்துகள், நடுவே கிளாஸை பாராமீட்டரைஸ்டு டைப்பாக காஸ்ட் செய்ய முடியவில்லை என்று ஒரு வரி.

நடந்தது இதுதான். பயன்படாத கோடை வெட்டி, பெயர்களைச் சுருக்கும் ஆர்8ஐப் பெரும்பாலும் ரிலீஸ் பில்டுக்கு மட்டும்தான் ஆன் செய்திருப்போம், டீபக்கில் அது எட்டிப் பார்ப்பதே இல்லை. பிளகின் 8.0இல் அதன் ஃபுல் மோடு தானாகவே ஆன் ஆகிவிடுகிறது. முன்பு விட்டுவைத்திருந்த ஜெனரிக் டைப் தகவலை (லிஸ்ட் என்றால் எதன் லிஸ்ட் என்பது போல), 'இதைத் தொடாதே' என்று ஆர்8க்குச் சொல்லும் கீப் ரூலுக்குள் வராத கிளாஸ்களிலிருந்து ஃபுல் மோடு கழற்றிவிடும். சர்வரோடு பேசும் லைப்ரரியான ரெட்ரோஃபிட்டோ, உங்கள் சஸ்பெண்ட் ஃபங்ஷன் என்ன டைப்பைத் தரப்போகிறது என்பதை, ஆப் ஓடும்போது அந்தத் தகவலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. எங்களிடம் இருந்தது ரெட்ரோஃபிட் 2.9.0, இதற்கான கீப் ரூலை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை.

அவசரத்துக்கு கிரேடில் பிராப்பர்ட்டீஸ் ஃபைலில் ஃபுல் மோடை ஆஃப் செய்து, வெர்ஷன் கோடை ஒன்று கூட்டி மறுபடி அனுப்பினேன். போன்களில் ஏறிவிட்டதைப் பின்னால் இழுக்க முடியாது, அதைவிடப் பெரிய எண்ணோடு புதிதாக ஒன்றை அனுப்பினால்தான் உண்டு. ரிவியூ முடிந்து மக்களுக்குப் போய்ச் சேர மறுநாள் காலை ஆகிவிட்டது.

இன்னும் ஆத்திரம் ஆறாததற்குக் காரணம், பிளகினின் ரிலீஸ் நோட்ஸிலேயே இந்த மாற்றம் எழுதியிருந்தது. ரிலீஸ் பில்டை நிஜ போனில் போட்டு, நெட்வொர்க்கைத் தொடும் திரைகளை ஒருமுறை திறந்து பார்க்க பத்து நிமிடம் போதும். அப்புறம், முதலில் ஐந்து சதவீதம் பேருக்கு மட்டும் அனுப்பி ஒரு நாள் பொறுங்கள். கிராஷ் வந்ததும் மினிஃபையையே (ஆர்8 வெட்டிச் சுருக்கும் வேலையையே) ஆஃப் செய்துவிட்டு மறந்துபோகிறவர்களையும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஃபுல் மோடை ஆஃப் செய்வதுகூட அன்றைய ராத்திரிக்குத்தான், மறுநாளே கீப் ரூல் எழுதுவதற்கு ஒரு டிக்கெட் போட்டுவிடுங்கள்.

பதிப்பு எண்ணில் பிளஸ் குறி

'இருப்பதில் புதியதை நீயே எடுத்துக்கொள்' என்று கிரேடிலுக்குச் சொல்லும் குறி அது. போடாதீர்கள்.

இன்ஸ்டாலுக்குப் பதில் அப்டேட் அடிப்பது

ஐஓஎஸ் பக்கம் இது அடிக்கடி நடக்கிறது. அங்கே லைப்ரரிகளைக் கொண்டுவரும் கோகோபாட்ஸில், பாட் இன்ஸ்டால் என்றால், முன்பு எடுத்த பதிப்புகளைக் குறித்துவைத்திருக்கும் லாக் ஃபைலில் இருக்கும் பதிப்பையே எடுக்கும். பாட் அப்டேட் என்று, லைப்ரரியின் பெயர் கொடுக்காமல் அடித்தால், பாட்ஃபைல் இடம்கொடுக்கும் அளவுக்கு எல்லாவற்றையும் மேலே இழுத்துவிடும், ஒன்றைச் சரிசெய்யப் போய் பத்து மாறியிருக்கும். லாக் ஃபைலைக் கிட்டில் ஏற்றுங்கள். ரியாக்ட் நேட்டிவ் என்றால் பில்ட் சர்வரில் என்பிஎம் இன்ஸ்டால் அல்ல, லாக் ஃபைலில் இருப்பதையே போடும் என்பிஎம் சிஐ.

நடு எண்தானே மாறுகிறது என்று விடுவது

நெட்வொர்க் லைப்ரரியான ஓகேஎச்டிடிபி 2019இல் 3.12இலிருந்து 3.13க்குப் போனபோது, ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழே இருந்த போன்களைக் கைவிட்டது. சேஞ்ச்லாகை வாசியுங்கள்.

கேட்காமலே ஏறும் பதிப்புகள்

இரண்டு லைப்ரரிகள் ஒரே பொருளின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டால், கிரேடில் சாதாரணமாகப் பெரியதைத்தான் எடுக்கும். நீங்கள் எழுதிய எண் ஃபைலில் அப்படியே இருக்கும், ஆப்புக்குள் போவது வேறாக இருக்கும். டிபென்டென்சி இன்சைட் கமாண்டை அடித்தால் எது எதை இழுத்தது என்று வரிசையாகக் காட்டும். தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து அதை அடித்துக் காட்டினேன். அவர் தொடவே தொடாத ஓகேஎச்டிடிபி, 4இலிருந்து 5க்கு ஏறியிருந்தது.