டேலி சர்வரைக் கிளையிலிருந்து பாதுகாப்பாகத் திறக்க: கேட்வே அமைக்கும் முறை

கீழமாசி வீதியில் தலைமைக் கடை, கப்பலூர் சிட்கோவில் குடோன், மேலூரில் கிளை, வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து டேலி (கணக்கு மென்பொருள்) வேண்டும் என்றதும் பலர் ரவுட்டரில் 3389 போர்ட்டை (விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசல்) திறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ரான்சம்வேர்க்காரர்கள் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள்) அதிகம் நுழையும் வழிகளில் ஒன்று அது. எண்ணை 3390 என்று மாற்றினாலும் ஸ்கேன் செய்பவனுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. முதலில் ரவுட்டரில் அந்த போர்ட்டைத் திறந்துவிட்ட விதியை (போர்ட் ஃபார்வர்டு) அழியுங்கள்.

கடை, குடோன், கிளை ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட்வே (இணையத்துக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவில் நிற்கும் பெட்டி) வேண்டும். அவற்றுக்கு நடுவில் இணையம் வழியே பூட்டிய பாதை (டன்னல்) போடப் போகிறோம். ஃபேன் இல்லாத மினி பிசி, குறைந்தது 2 இதர்நெட் போர்ட், 8 ஜிபி ரேம், அதில் ஓபிஎன்சென்ஸ் (இலவச ஃபயர்வால் மென்பொருள்) போதும். யுபிஎஸ்ஸில் கேட்வேயோடு ஃபைபர் ஓஎன்டியையும் (ஃபைபர் லைன் வந்து முடியும் பெட்டி) சேர்த்துச் செருகுங்கள். ஓஎன்டியை மறந்துவிட்டால் கரண்ட் போனதும் கேட்வே மட்டும் சும்மா எரிந்துகொண்டிருக்கும்.

அடுத்து ஐபி. பல ரவுட்டர்கள் 192.168.1 என்றே வருவதால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணாகிவிடலாம். அப்படி ஆனால் சர்வரைக் கூப்பிடும் கணினி அது தன் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து டன்னலுக்குள் எதையும் அனுப்பாது. கடைக்கு 10.20.1.0/24, குடோனுக்கு 10.20.2.0/24, மேலூருக்கு 10.20.3.0/24, டன்னலுக்கு 10.20.250.0/24 என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள்.

கடையில் ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை அப்படியே கடத்தும் நிலை) மாற்றி, பிபிபிஓஇ லாகினை (இணைய நிறுவனம் தந்த பெயரும் பாஸ்வேர்டும்) கேட்வேயில் கொடுங்கள். வேன் (WAN, இணையம் வரும்) பக்கம் கிடைக்கும் ஐபி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. ஸ்டாடிக் ஐபி (மாறாத பொது ஐபி) கேட்டு வாங்குங்கள். கடைக்கு மட்டும் இருந்தால் போதும், கிளைகள்தான் இங்கே கூப்பிடப் போகின்றன.

டன்னலைப் போடும் விபிஎன் மென்பொருளான வயர்கார்டில் கடை கேட்வே யுடிபி 51820-ல் கேட்கட்டும். வேனில் திறக்க வேண்டியது அது ஒன்றுதான். நிர்வாகப் பக்கத்தை வேனில் திறக்கவே கூடாது. கடையில் குடோன் பியருக்கு (எதிர்முனை) அனுமதி ஐபியாக (Allowed IPs) 10.20.250.2/32, 10.20.2.0/24 இரண்டும். குடோன் பக்கம் 10.20.250.1/32, 10.20.1.0/24, கீப்அலைவ் (இணைப்பு மூடாமல் இருக்க அனுப்பும் சிறு தட்டல்) 25 விநாடி. அங்கே சோம்பேறித்தனமாக 0.0.0.0/0 போட்டால் குடோனில் பார்க்கும் யூடியூப் கூட கடை லைன் வழியாகத்தான் ஓடும்.

ஆளுக்கு ஒரு வயர்கார்டு சாவி. ஒரே சாவியை இரண்டு லேப்டாப்பில் போட்டால் மாறி மாறி ஒன்று மற்றதைத் துண்டிக்கும். ஆடிட்டர் லேப்டாப்பில் அனுமதி ஐபியை டேலி சர்வரின் 10.20.1.10/32 என்று சுருக்குவது பூட்டு ஆகாது, அதை அவரே மாற்றிக்கொள்ளலாம். நிஜப் பூட்டு கேட்வேயின் ஃபயர்வால் விதி: அவருடைய டன்னல் ஐபியிலிருந்து 10.20.1.10-ன் டிசிபி 3389 மட்டும், மற்றதெல்லாம் தடை. லேப்டாப் தொலைந்தால் அந்த பியரை நீக்கி அப்ளை செய்யுங்கள். வயர்கார்டில் ஓடிபி கிடையாது. அது அவசியமென்றால் வெளியாட்களுக்கு மட்டும் ஓபன்விபிஎன் வைக்கலாம்.

டேலி டேட்டா ஃபோல்டரை டன்னல் வழியாக ஷேர் செய்யவே செய்யாதீர்கள். மெதுவாக இருப்பதோடு, பதிவின் நடுவில் லைன் அறுந்தால் டேட்டா கெட்டுப்போகும். ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வருக்குள் போய் அங்கேயே வேலை பார்ப்பதுதான் சரி.

இணைத்த பிறகு வரும் கோளாறுகளில் ஆளைக் குழப்புவது எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). பிங் போகும், லாகின் திரை வரும், அதோடு உறைந்துவிடும். வயர்கார்டு வழக்கமாக எடுப்பது 1420. பிபிபிஓஇ 8 பைட்டைத் தின்றுவிடுவதால் இரு முனையிலும் 1412 என்று வையுங்கள். துண்டாக்கக் கூடாது என்ற குறிப்போடு 1384 பைட் பிங் அனுப்பிப் பதில் வந்தால் சரி.

இன்னொன்று, நீண்ட கரண்ட் கட்டுக்குப் பின் கிளை மட்டும் இணையாமல் கிடப்பது. கேட்வேயின் கடிகார பேட்டரி (பெரும்பாலும் சிஆர்2032) செத்திருந்தால் நேரம் பின்னால் போய்விடும். முன்பு பார்த்த நேரத்தைவிடப் பழைய நேரத்தோடு வரும் ஹேண்ட்ஷேக்கை (இணைப்பைத் தொடங்கும் முதல் பேச்சு) எதிர்முனை தள்ளிவிடும். பேட்டரியை மாற்றுங்கள், என்டிபி (இணையத்திலிருந்து சரியான நேரம் பெறும் முறை) டன்னலுக்கு வெளியே நேராகக் கிடைக்கும்படி வையுங்கள்.

கீப்அலைவ் வைத்த டன்னலில் கடைசி ஹேண்ட்ஷேக் 3 நிமிடத்துக்கு மேல் பழையதென்றால் டன்னல் செத்துவிட்டது. அனுப்பிய பைட் ஏறிக்கொண்டே போய், வந்த பைட் பூஜ்யமாகவே நின்றால் வேன் விதியையும் சாவியையும் பாருங்கள்.

ஃபயர்வால் லாகை (நடந்தவற்றின் பதிவு) வேறொரு கணினிக்கு சிஸ்லாகாக அனுப்பி 180 நாள் வையுங்கள். 2022 ஏப்ரல் 28 செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவு கேட்பது அதைத்தான். ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவலும் சொல்ல வேண்டும்.

பெயர் பெற்ற கம்பெனிப் பெட்டி வாங்கினாலும் ஃபர்ம்வேர் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஃபயர்வால் கம்பெனியான ஃபோர்டிநெட்டின் சிவிஇ-2018-13379 ஓட்டையில் பாஸ்வேர்டுகள் வெளியே போயின; பேட்ச் போட்டும் பாஸ்வேர்டை மாற்றாதவர்களின் கணக்குகள் திறந்தே கிடந்தன. கிளையின் அப்டேட்டை அங்கே ஓர் ஆள் இருக்கும் நேரத்தில், கான்ஃபிக் பேக்கப்பை எடுத்த பிறகே செய்யுங்கள். டன்னல் திரும்ப வராவிட்டால் மேலூருக்கு வண்டி எடுக்க வேண்டியிருக்கும்.