காது குத்திய இடத்தில் சீழ் வைத்துவிட்டதா? தோட்டைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

காது குத்திய இடம் வீங்கிச் சீழ் வைத்தால் வீட்டில் முதலில் வரும் யோசனை, "தோட்டைக் கழற்றிடு, தானா ஆறிடும்" என்பதுதான். சேலத்துச் சித்திரை வெயிலில் எங்கள் பாப்பாவின் காது பழுத்தபோது அவளுடைய அம்மாயியும் அதையேதான் சொன்னார். கழற்றாமலேயே ஆற வைத்தோம். அதே தொல்லையில் இருப்பவர்களுக்காக, செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏன் கழற்றக் கூடாது? தோடு உள்ளே இருக்கும்வரை ஓட்டை திறந்திருக்கும், சீழ் வெளியேற வழி இருக்கும். கழற்றிவிட்டால் இரண்டு பக்கத் தோலும் சீக்கிரமே மூடிக்கொள்ளும். சீழ் உள்ளே அடைபட்டுக் கட்டியாகிவிடும், அப்புறம் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மருத்துவர் பார்த்துக் கழற்றச் சொன்னால் அது வேறு விஷயம்.

முதலில்: எந்த இடம் என்று பாருங்கள்

தோடு போடும் மெத்தென்ற சோணையா, இல்லை விறைப்பாக இருக்கும் மேல்காதா? கீழே நான் சொல்வதெல்லாம் சோணைக்கு மட்டும்தான்.

மேல்காது குருத்தெலும்பு. அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. கிருமி அங்கே புகுந்து சீழ் கட்டினால் குருத்தெலும்பு செத்து, காது சுருங்கி உருமாறிவிடும். அங்கே அடிக்கடி வருவது சூடோமோனாஸ் என்ற கிருமி. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் மாத்திரைக்கு அது அசையாது. அதனால் மேல்காது சிவந்து, தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஏற்காட்டில் இருப்பவர்கள் விடியட்டும் என்று தள்ளிப் போடாமல், பொழுது இருக்கும்போதே கீழே இறங்கிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவையும் ராத்திரி மூடுபனியில் வலியோடு இறங்குவது கொடுமை.

அது சீழ்தானா?

குத்திய முதல் சில வாரங்களில் தோட்டைச் சுற்றி வெளிர் மஞ்சளாக ஒரு பொருக்கு காய்ந்து ஒட்டும். அது ஆறுவதன் அடையாளம், பயப்பட வேண்டாம். சீழ் என்பது கெட்டியாக, மஞ்சளோ பச்சையோ கலந்து வரும். நாற்றம் இருக்கலாம். சோணை சூடாக, விண்விண் என்று தெறிக்கும்.

வலியைவிட அரிப்பு அதிகமாக இருந்து, தோல் சொரசொரத்து நீர் கசிந்தால் அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். கவரிங் தோட்டில் இது சகஜம். அதற்கு உலோகத்தை மாற்றாமல் எதைப் போட்டும் பயனில்லை. என் கட்சி, முதல் தோடு 22 காரட் தங்கம், இல்லையென்றால் உடம்புக்குள் பொருத்தும் தரத்து டைட்டானியம். புது ஓட்டையில் கவரிங் வேண்டவே வேண்டாம்.

கழுவுவது

சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஆரம்பியுங்கள். மருந்துக் கடையில் "நார்மல் சலைன், 100 மில்லி" என்று கேட்டால் கொடுப்பார்கள். 0.9 சதவீத உப்புக் கரைசல், அவ்வளவுதான். கிடைக்காத நேரத்தில் கொதித்து ஆறிய 250 மில்லி தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு. ஆனால் எனக்கு பாட்டில்தான் பிடிக்கும். வீட்டில் கலக்கும்போது உப்பு கூடிவிட்டால் எரியும், எரிந்தால் குழந்தை அடுத்த தடவை காதைக் காட்டாது. திறந்த பாட்டிலை நாள் கணக்கில் வைத்திருக்காதீர்கள், மறுநாளைக்குப் புதிது.

பஞ்சு வேண்டாம், காஸ் துணி வாங்குங்கள். பஞ்சு இழை தோட்டு மரையில் சிக்கிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடும். காஸை நனைத்து முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் வைத்திருந்தால் பொருக்கு ஊறித் தானாகக் கழன்று வரும். நகத்தால் பெயர்க்காதீர்கள். சீழைப் பிதுக்கவும் கூடாது. காலையில் ஒரு முறை, இரவு ஒரு முறை போதும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் சதையையும் பொசுக்கும்.

தோட்டைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டாம். திருப்பும்போதெல்லாம் காய்ந்த பொருக்கு உள்ளே போய் ஆறுகிற சதையை அறுக்கும்.

திருகாணியைத் தளர்த்துவது

எங்களை அதிகம் திணறடித்தது இந்த இடம்தான். கழுவக் கழுவ வீக்கம் வற்றவே இல்லை. ஒரு நாள் இரவு செல்போன் டார்ச்சை அடித்துச் சோணையின் பின்பக்கத்தைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. திருகாணி தோலில் பள்ளம் போட்டு உட்கார்ந்திருந்தது, அதன் விளிம்பைச் சுற்றித் தோல் வெளுத்திருந்தது.

தங்கம் தொலைந்துவிடக் கூடாதென்று குத்துகிறவர் கடைசி மரை வரை முறுக்கிவிடுவார். சோணை வீங்கும், தண்டின் நீளமோ அதே நீளம்தான். நடுவில் சதை நசுங்கும். இரத்த ஓட்டமும் குறையும், சீழ் வெளியேற இடமும் இருக்காது. இந்த நிலையில் எந்தக் களிம்பும் வேலை செய்யாது.

தளர்த்துவது இப்படி. வெதுவெதுப்பான சலைன் காஸை பின்பக்கம் பத்து நிமிடம் வையுங்கள். முன்பக்கத் தோட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திருகாணியைப் பின்னாலிருந்து பார்க்க இடப்பக்கமாக ஒரு தடவைக்கு அரைச் சுற்று மட்டும் திருகுங்கள். சிக்கல் இங்கேதான். ஈர விரல் வழுக்கும், முன்பக்கத் தோடும் கூடவே சுற்றும். அப்படிச் சுற்றினால் திருகாணி கழலவில்லை, உள்ளே சதைதான் அறுபடுகிறது. உடனே நிறுத்திவிட்டு, இரண்டு கைக்கும் உலர்ந்த காஸ் துண்டு ஒன்றைச் சுற்றிப் பிடியுங்கள். பிடி கிடைத்துவிடும். தோலுக்கும் திருகாணிக்கும் நடுவே ஒரு அரிசி நுழையும் இடைவெளி வந்தால் போதும்.

அதற்கு மேல் மரை இல்லை, கழன்று விழுந்துவிடும் போலிருந்தால் தண்டு குட்டை என்று அர்த்தம். நீளத் தண்டு வைத்த தோட்டை மருத்துவர் முன்னிலையில் மாற்றிக்கொள்ளுங்கள். திருகாணியே சதைக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஊசியோ சாமணமோ வைத்து நோண்டாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டு மருத்துவர் எடுக்க வேண்டிய வேலை அது.

எங்கள் பாப்பாவுக்குத் தளர்த்திய மறுநாளே பள்ளம் எழும்பி, சீழ் தடையில்லாமல் வெளியேற ஆரம்பித்தது.

எப்போது காத்திருக்கக் கூடாது

காய்ச்சல், சிவப்பு கன்னத்துக்கோ மேல்காதுக்கோ பரவுவது, இரண்டு நாள் ஒழுங்காகக் கழுவியும் குறையாத வீக்கம், இதில் ஒன்று வந்தாலும் மருத்துவர்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டு நாள்கூடப் பார்க்க வேண்டாம். தடுப்பூசி அட்டையையும் கையில் எடுத்துப் போங்கள், டெட்டனஸ் பற்றிக் கேட்பார்கள்.

பின்சேர்க்கை 1: மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். சீழ் இருக்கும்போது வேண்டாம். எண்ணெய் ஓட்டையை அடைக்கும். மஞ்சள் பூசிய காதில் சிவப்பு பரவுகிறதா என்பதும் தெரியாது. வேப்பங்குச்சி செருகுவதும் அப்படித்தான், கொதிநீரில் போட்டாலும் சிலாம்பு உள்ளே போகும்.

பின்சேர்க்கை 2: மருந்துக் கடையில் தரும் ட்யூப் பற்றி. பீட்டாமெத்தசோன் என்று எழுதியிருந்தால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பை மறைக்கும், ஆறுவதைத் தாமதப்படுத்தும். எங்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது மியூபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு. கழுவித் துடைத்த பிறகு மெல்லிசாகப் பூசச் சொன்னார், அப்பிவிடக் கூடாது.

பின்சேர்க்கை 3: ஏற்காட்டிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார், ஆறி வந்த காது மறுபடி வீங்குகிறதாம். குளிருக்குப் போடும் கம்பளிக் குல்லாவைப் பாருங்கள். அதன் இழை தோட்டில் மாட்டி, கழற்றும்போதெல்லாம் இழுக்கும். சோணை ஆற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், மேல்காதுக்குப் பல மாதம். அதுவரை குல்லாவுக்கு உள்ளே வழவழப்பான பருத்தித் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். வண்டியில் போகிறவர்கள் ஹெல்மெட்டைப் போடும்போதும் கழற்றும்போதும் இரண்டு பட்டைகளையும் வெளிப்பக்கமாக விரித்துப் பிடித்தால் காதில் உரசாது.