எண்ண முடியாத சாப்பாடுதான் பயமுறுத்தியது

கலோரி எண்ண ஆரம்பித்து நாலாவது மாதம், யாராவது சாப்பிடக் கூப்பிட்டாலே கை சில்லிட்டது. முதலில் தினசரி இலக்கைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன், பயம் போகவில்லை. கலோரி எண்ணும் செயலியை அழித்தேன், மனசுக்குள்ளேயே கணக்கு ஓடியது.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது: பாக்கெட் பிஸ்கட்டைத் தயங்காமல் தின்றவன் வீட்டில் சமைத்ததைத் தொடப் பயந்தேன். பயம் கொழுப்பின் மேல் இல்லை, கலோரி போட்ட லேபிள் இல்லாததன் மேல்! மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று நான் மனப்பாடம் செய்திருந்ததே சராசரி எண்கள்தான் என்றார் உணவியல் நிபுணர். அவரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து கொடுத்த வழிதான் பலித்தது: பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மூன்று வேளையும் நடுவில் சிற்றுண்டியும் நேரத்துக்கு, அதில் தினம் ஒரு வேளையாவது எடை போடாமல், வேறொருவர் பரிமாறியதை. ஆறாவது வாரம் சமையலறைத் தராசை எங்கே வைத்தேன் என்றே மறந்திருந்தேன்.