வன்னியில் குத்தகை வழக்கு, காணியோ வங்கி ஈட்டில்: புதிதாக வெளிநாடு வந்தவர்களுக்கு

கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ குத்தகைக்கு எடுத்த கடையை உறவினர் பொறுப்பில் விட்டுவிட்டு லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ வந்து சேர்ந்திருப்பீர்கள். காணிக்காரர் கடையை விடச் சொல்கிறார், வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறது. பாதி வழியில்தான் காணி வங்கியில் ஈடு வைக்கப்பட்டது தெரியவருகிறது. வங்கியைச் சேர்க்காமல் காணிக்காரரோடு மட்டும் வழக்காடி வென்றால் அந்தத் தீர்ப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. தீர்ப்பு உங்கள் கையில் இருக்க, கடைக் கதவில் ஏல அறிவித்தல் தொங்கும்.

சட்டத்தரணியிடம் போகுமுன் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியை எடுப்பியுங்கள். ஒவ்வொரு வரியிலும் பதிவுத் திகதி, கொடுத்தவர், பெற்றவர், உறுதியின் தன்மை, உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர் என்று இருக்கும். உங்கள் குத்தகை வரியையும் ஈட்டு வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்க்க வேண்டியது கையொப்பமிட்ட நாளை அல்ல, பதிந்த நாளை. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவில் முந்தியதற்கே முன்னுரிமை. குத்தகை முந்தியிருந்தால் வங்கி அதற்கு உட்பட்டுத்தான் ஈடு பிடித்திருக்கிறது. ஈடு முந்தியிருந்தால் உங்கள் நிலை பலவீனம். அப்போது ஈட்டு உறுதியின் பிரதியையும் எடுங்கள். வங்கியின் சம்மதமின்றிக் குத்தகைக்குக் கொடுக்கக் கூடாது என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சமாதான நீதவான் ஒப்பமிட்ட முத்திரைத்தாளை நம்பிக் கடை நடத்துபவர்கள் வன்னியில் நிறையப் பேர். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். அந்தத் தாளை வைத்து வங்கிக்கு எதிராகக் குத்தகை உரிமை கேட்க முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கத்தான் அது உதவும்.

பெமிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, வேறு கதை. இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணிகள் இருக்கின்றன. உரிய அனுமதியின்றி அவற்றைக் குத்தகைக்குக் கொடுத்தால் அது செல்லாது. வங்கியை வழக்கில் சேர்த்தாலும் செல்லாத குத்தகை செல்லுபடியாகாது. முதலில் பிரதேச செயலகத்தில் கோவையைப் பாருங்கள்.

காணி ஒற்றியில் இருந்தால் இன்னும் கவனம். ஒற்றி பிடித்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் வருமானத்தை அனுபவிப்பவர். ஆகவே வாடகை யாருக்குச் சேரும் என்ற கேள்வியே அவரைத் தொடும். அவரை விட்டுவிட்டு வழக்கை நடத்தவே கூடாது.

வங்கியையோ ஒற்றி பிடித்தவரையோ வழக்கில் சேர்ப்பதற்கான வழி குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 18ஆம் பிரிவு. வழக்காளியும் கேட்கலாம், எதிராளியும் கேட்கலாம். எல்லாப் பிரச்சினைகளையும் முழுமையாகத் தீர்க்க சேர்க்கப்படுபவர் மன்றில் இருப்பது அவசியமா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். மனுவோடு சத்தியக்கடதாசி, பதிவேட்டுப் பிரதி, இரண்டு உறுதிகளின் பிரதிகள் ஆகியவற்றை வையுங்கள். கிளை முகாமையாளரின் பெயரை எழுத வேண்டாம், வங்கியின் சட்டப் பெயரை எழுதுங்கள். அனுமதி கிடைத்தால் முறைப்பாட்டை (வழக்காளி வழக்குப் போட்ட மனுவை) திருத்தி வங்கிக்கும் பழைய எதிராளிக்கும் சேர்ப்பிக்க வேண்டும்.

பல மனுக்கள் சறுக்குவது திருத்திய முறைப்பாட்டில்தான். வங்கியின் பெயர் தலைப்பில் இருக்கும், அதற்கு எதிராக எந்தப் பரிகாரமும் கேட்டிருக்காது. 'என் குத்தகை ஈட்டுக்கு முந்தியது, அது முடியும்வரை வங்கியோ ஏலத்தில் வாங்குபவரோ என்னை வெளியேற்ற முடியாது' என்ற பிரகடனத்தைத் தெளிவாகக் கேளுங்கள். தாமதமும் ஆபத்து. ஆளைச் சேர்க்க எந்தக் கட்டத்திலும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் விளக்கத்துக்கு (வழக்கு விசாரணைக்கு) முந்திய கட்டத்துக்கு வழக்கு வந்துவிட்டால் முறைப்பாட்டைத் திருத்துவது மிகக் கடினம். காணிக்காரரிடம் கொடுத்த முற்பணத்தை மட்டும்தான் திருப்பிக் கேட்கிறீர்கள் என்றால் வங்கி வேண்டாம். வங்கியைத் தேவையில்லாமல் வழக்குக்குள் இழுத்தால் செலவுத்தொகை உங்கள் தலையில் விழும்.

வங்கியைச் சேர்த்ததால் ஏலம் நிற்காது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு வங்கி நீதிமன்றம் போகாமலே விற்கலாம். தீர்மானம் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வரும், பிரதி கடனாளிக்குப் போகும். குத்தகைக்காரருக்குத் தனிக் கடிதம் வருமென்று காத்திருக்காதீர்கள். இடைக்காலத் தடையை அதே வழக்கில் தனியாகக் கேட்க வேண்டும்.

நீங்கள் இங்கே இருப்பதால் ஊரில் ஒருவருக்குப் பொது அற்றோனித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுக்க வேண்டியிருக்கும். வழக்குத் தொடரவும் மன்றில் தோன்றவும் அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். இலங்கையில் அதைப் பதிந்து, பிரதியை வழக்கில் இட வேண்டும். அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்கள் கையொப்பத்துக்காக இலங்கைத் தூதரகத்தின் படியேறுமுன் உங்கள் குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். உங்கள் கோரிக்கைக்கு எதிராக தூதரகத்தோடு வைத்த அந்தத் தொடர்பு காட்டப்படலாம். கடவுச்சீட்டிலும் குத்தகை உறுதியிலும் பெயரின் எழுத்து வேறுபட்டால் இரண்டையும் தத்துவத்திலேயே எழுதுங்கள், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.