டிரையாஸ் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரையாஸ் ஆக்டோபெட்டலா பாய் விரித்ததுபோல் தரையோடு படரும் குட்டைச் செடி. ஆல்ப்ஸ், ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்து மலைகளில் தானாகவே வளர்கிறது. வெள்ளைப் பூவுக்குப் பெரும்பாலும் 8 இதழ்கள். ஐஸ்லாந்தின் தேசிய மலரும் இதுதான். பனிக்காற்றைத் தாங்கும் இந்தச் செடி தோட்டத்தில் செத்துப்போவது பெரும்பாலும் நம்முடைய அதிகப்படியான கவனிப்பால்தான்.

முதல் தவறு, கொழுத்த மண். தொழுவுரம் போட்டால் இலை செழிக்கும், பூ குறையும். அப்புறம் குளிர்காலத்தில் வேர்ப்பக்கம் ஈரம் தேங்கி அழுகும். குளிர் இதைக் கொல்லாது, ஈரம் கொன்றுவிடும். மண்ணில் பாதிக்குப் பாதி சரளைக்கல் கலந்தாலும் தப்பில்லை. இயற்கையில் இது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை நிலத்துச் செடி. அதனால் புளிப்பு மண் கலவை வேண்டாம். நிழலும் வேண்டாம்: பூ சூரியன் பக்கம் திரும்பி, கிண்ணம்போல் வெயிலை ஏந்தித் தன் நடுப்பகுதியைச் சூடாக்கிக்கொள்ளும். அந்தக் கதகதப்புக்காகவும் பூச்சிகள் வருகின்றன.

விதையில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். பூ உதிர்ந்ததும் இறகு போன்ற இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று அப்போதே பறித்தால் விதை முற்றியிருக்காது. முறுக்கு அவிழ்ந்து, பஞ்சுபோல் விரிந்து, லேசாக இழுத்தாலே கையோடு வரும்போது எடுங்கள். டப்பாவில் போட்டு வைக்காமல் உடனே விதைப்பது நல்லது. ஆழமாகப் புதைக்காமல் மேலாகத் தூவி, மெல்லிய சரளையால் மூடி, தொட்டியைக் குளிர்காலம் முழுக்க வெளியிலேயே விடுங்கள். அந்தக் குளிர் பட்டால் முளைப்பு நன்றாக இருக்கும். வசந்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். அடுத்த ஆண்டு முளைப்பதும் உண்டு.

நாற்றை முதலிலேயே சரியான இடத்தில் நடுங்கள். வேர் ஆழமாக இறங்கிய செடியைத் தோண்டி இடம் மாற்றினால் பிழைப்பது சந்தேகம். மலையில் இருப்பதைப் பிடுங்கி வருவது அதைவிட மோசம். பல இடங்களில் சட்டப்படியும் குற்றம்.

பெருக்க விதையைவிட எளிய வழி பதியன். படர்ந்த தண்டை அப்படியே பிய்த்து நட்டால் வேர் இருக்காது, காய்ந்துவிடும். தண்டுகளுக்கிடையே மண்ணும் சரளையும் தூவி ஒரு வருடம் காத்திருங்கள். ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்து, வேர் விட்ட துண்டை மட்டும் வெட்டி எடுங்கள்.